இருபத்தெட்டு மர்ம ஸ்தானங்கள்

அந்த நோட்டீசை எழுதியது நான்தான். அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்தது கிடையாது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல் ஸ்டென்சில் வெட்டி, நான் வேலை பார்த்த கந்தோரின் ரோனியோ மிஷினில் உருட்டி, நாற்பது பிரதி எடுத்து, பசை காய்ச்சிக் கொடுத்ததும் நானேதான். இவ்வளவு வருஷம் கழித்தும் மாத்தளைச் சந்தைப் பக்கம் போனால், என் வயதுக்காரர் சிலர் என்னைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர்கள் மேல் மட்டும் இல்லை. இத்தனை பெரிய தமிழில் எனக்கு வேண்டிய ஒரே ஒரு சொல்லை யாரும் சுத்தமாக விட்டுவைக்கவில்லையே என்ற ஆத்திரம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. எல்கடுவ பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா பெரிய கிளாக்கர். நான் மாத்தளை டவுனில் ஒரு புரொக்டர் வக்கீலின் கந்தோரில் தமிழ் டைப்பிஸ்ட். காணி உறுதி, வழக்கு மனு, எதிர்மனு எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்த இரண்டையும் விட்டால் நடைதான்.

மலையிலிருந்து டவுனுக்கு இறங்கும் அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று எனக்கு மனப்பாடம். ஆசைப்பட்டு எண்ணவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள் என் மேல் சாய்ந்தான், அதனால் எண்ணினேன்.

அவனுக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஏறும்போதே நாலு பேருக்கு வணக்கம் சொல்லுவான். வளைவு வருவதற்கு முன்னாலேயே "மன்னிக்கணும் மிஸ்" என்பான். மன்னிப்பு முதலில் வரும், கை பிறகு வரும். திரும்பிப் பார்த்தால் முகம் ஜன்னல் பக்கம் இருக்கும், தேயிலையை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி.

அம்மாவிடம் சொன்னேன். "பின்னூசி வச்சுக்க" என்றாள். வைத்துக்கொண்டு இரண்டு தடவை குத்தினேன். அவன் கையை எடுத்துக்கொண்டு, குடைப்பிடியால் வேலையைத் தொடர்ந்தான். கண்டக்டரிடம் சொன்னேன். "கூட்டம்னா அப்படித்தான் மிஸ், என்னா செய்யச் சொல்றீங்க?" என்றார். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்த ஆளை ஒன்றும் செய்யமாட்டார், என் வேலையைத்தான் நிறுத்துவார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் என் கண்ணில் பட்டது. டவுனில் ஒரு சிங்கள இளைஞர் கொரியச் சண்டைக் கலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் ஒரு கொரியரிடம் இரண்டு வருஷம் பழகியவராம். பகலில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுவார், சாயங்காலத்தில் வாசிகசாலை மண்டபத்தில் வகுப்பு நடத்துவார். மண்டபத்துக்கு ஒப்பந்தம் எழுத எங்கள் புரொக்டரிடம் வந்தார். தான் காடைத்தனமோ அடிதடியோ கற்றுக்கொடுக்கவில்லை, இது ஒரு சாஸ்திரம் என்று காட்டுவதற்காக ஒரு படத்தை என் டைப்ரைட்டர் மேலேயே விரித்தார்.

ஒரு ஆணின் உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உடம்பெல்லாம் சிவப்பு வட்டம். வட்டத்துக்கு வட்டம் இலக்கம், பக்கத்தில் கொரிய எழுத்து, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலம். மொத்தம் இருபத்தெட்டு. "இதெல்லாம் குப்ஸோ" என்று சிங்களத்தில் விளக்கினார். எப்பேர்ப்பட்ட பயில்வானுக்கும் இந்த இடங்களில் சதை கிடையாதாம். நரம்பு மேலாகவே கிடக்கும், இல்லாவிட்டால் எலும்பு. பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும் என்றார்.

நெற்றிப்பொட்டு, புருவங்களுக்கு நடு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் உள்ள பள்ளம், தாடை நுனி, தொண்டைக் குழி, காறை எலும்பு, நெஞ்சாங்குழி, கடைசி விலா, முழங்கால் சில்லு, பாதத்தின் மேற்புறம். பின்பக்கம் பார்த்தால் காதுக்குப் பின் குழி, பிடரி, முழங்காலின் பின்மடிப்பு, குதிகால் நரம்பு. நான் அப்போது தொண்ணூறு இறாத்தல்தான் இருப்பேன். அந்தக் குடைக்காரனுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதிலும் நோகும் இடங்கள் இருக்கின்றன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த ஒப்பந்தத்தை இரண்டு தடவை பிழையாக அடித்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது, பெண்களுக்கும் வகுப்பு வைப்பீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, எட்டுப் பேர் சேர்ந்தால் சனிக்கிழமை காலையில் வைக்கலாம் என்றார்.

எட்டுப் பேரைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்திக்குப் புருஷன் விடமாட்டான், இன்னொருத்திக்கு அண்ணன் விடமாட்டான். ஒரு முஸ்லிம் தையல் டீச்சர் தன் வாப்பாவிடம் கைவேலை வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். கைவேலைதான், பொய்யில்லை. எட்டாவது ஆள் ஆஸ்பத்திரி அட்டெண்டன்ட் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என் பஸ்ஸிலேயே பாதி வழியில் ஏறுகிறவர். உடம்பைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமே கிடையாது. நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அந்தக் கூச்சம் எப்போதோ போய்விட்டது என்பார்.

சேலையைக் கட்டிக்கொண்டு யாருடைய தாடையையும் உதைக்க முடியாது என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் கொசுவம் அவிழ்ந்து நின்றார்கள். ஆசிரியர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உதைப்பது பிறகு இருக்கட்டும், இடங்களை முதலில் பார்ப்போம் என்றார். அப்படித்தான் எங்கள் வகுப்பு படம் பார்க்கும் வகுப்பாயிற்று. அவர் கொரியப் பெயரைச் சொல்லி, சிங்களத்தில் விளக்குவார். நான் அதைத் தமிழில் சொல்வேன்.

பாதத்தின் மேற்புறத்துக்குக் கொரியப் பெயர் பல்தூங். "பல்லுங்கிறாரு, காலக் காட்டுறாரு" என்று ஒருத்தி சிரித்தாள். பத்தொன்பதாம் வட்டம் இரண்டு தொடைக்கும் நடுவில். அதற்கு நங்ஷிம் என்று பெயர். சிங்களத்தில் தங்கையை நங்கி என்பார்கள். அவர் எங்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார். அதனால் அவர் "நங்ஷிம்" என்றதும் தையல் டீச்சர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து நின்று, "என்னாங்க?" என்றார். பாவம், அந்த மனிதர் ரூல்தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகம் சிவந்து, இலக்கத்தை மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாமே இலக்கம்தான். மூன்று என்றால் மூக்கடிப் பள்ளம். பதினொன்று என்றால் நெஞ்சாங்குழி. இருபத்து நாலு என்றால் பல்தூங். பெயரும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம்.

வகுப்பு முடிந்து அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அட்டெண்டன்ட் அக்கா படத்தின் முன்னால் நின்று உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, இது பூராவும் நாம அடிக்கிற எடம். நம்மளத் தொடுற எடத்துக்கெல்லாம் நம்பரு எங்க?"

நானும் பார்த்தேன். இல்லைதான். படத்தில் இருப்பவன் ஆண். பஸ்ஸில் நாங்கள் எதையெல்லாம் பையால் மறைத்துக்கொண்டு நிற்கிறோமோ, அங்கே ஒரு வட்டமும் இல்லை. அதை ஆசிரியரிடம் கேட்கவும் முடியாது. அக்காவே முடிவு செய்தார். நெஞ்சில் கை வைத்து "இருபத்தொம்பது" என்றார். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் கை வைத்து "முப்பது" என்றார். தொடைக்கு முப்பத்தொன்று. எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை வந்ததும் வராததுமாக ஒருத்தி, "நேத்து சந்தையில இருபத்தொம்பது" என்றாள். "எனக்கு பஸ்ல முப்பது, டெய்லி முப்பது" என்றேன். எத்தனையோ காலமாக யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது, இலக்கமானதும் எவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது! அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நிமிர்ந்து நின்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசிகசாலைச் செயலாளர் விடவில்லை. அவர் ஓய்வுபெற்ற மனிதர், விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பதினைந்து பேருக்குக் குறைந்தால் சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறக்க முடியாது என்றார். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். இன்னும் ஏழு பேர் வேண்டும். அதற்குத்தான் நோட்டீஸ்.

ஆசிரியருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுதும் வேலை என்னுடையது. குப்ஸோ என்பதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். வர்மம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். எங்கள் பக்கத்தில் "மனசுல வர்மம் வச்சிருக்கான்" என்றால் பகை. பகை தீர்க்கப் பெண்களைக் கூட்டுகிறேன் என்று நினைப்பார்கள். உயிர்நிலை என்று எழுதலாமா? "எதிராளி முறைப்பாட்டுக்காரரின் உயிர்நிலையில் காலால் உதைத்தார்" என்று அடிதடி மனுக்களில் நானே எத்தனை தடவை அடித்திருக்கிறேன். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். தள்ளிவிட்டேன். பலவீனமான இடங்கள்? பெண்களின் பலவீனம் என்று படித்துக்கொள்வார்கள். நோகும் இடங்கள்? தைல விளம்பரம் மாதிரி இருந்தது.

கடைசியில் கந்தோர் அகராதியைப் புரட்டினேன். மர்மம் என்பதற்கு இரகசியம் என்றும், உயிர் தங்கும் உறுப்பு என்றும் போட்டிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? வாசிகசாலையில் இருந்த மர்ம நாவல் ஒன்றையும் நான் படிக்காமல் விட்டதில்லை. மர்மம் என்றால் எனக்குப் பூட்டிய அறை, காணாமல் போன வைரம், இவ்வளவுதான். சனங்களை இழுக்கிற சொல்லாகவும் இருக்கிறது, இலக்கணமாகவும் இருக்கிறது என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நோட்டீஸ் இப்படி வந்தது:

பெண்களுக்கான கொரியத் தற்காப்புக் கலை. உடலிலுள்ள இருபத்தெட்டு மர்ம ஸ்தானங்களும் படத்துடன் விளக்கப்படும். சனிக்கிழமை காலை, வாசிகசாலை மண்டபம். திருமணமான பெண்களும் சேரலாம். விபரங்களுக்குப் புரொக்டர் கந்தோர் தமிழ் டைப்பிஸ்டைக் காணவும்.

மண்டபத்துக் காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை ஒட்டி முடித்தார். பஸ் நிலையத்தில், சந்தையில், தியேட்டர் சுவரில், அம்மன் கோயில் வீதியில். திங்கட்கிழமை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஒவ்வொரு நோட்டீசுக்கு முன்னாலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாம் ஆண்கள். சரி, வீட்டில் போய்ப் பெண்களுக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேன். "இருபத்தெட்டா? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதானப்பா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறிவில்லாத சனங்கள், ஒன்றுதான் தெரியும் என்பதால்தானே வகுப்பு வைக்கிறோம் என்று அவர்களைத் தாண்டிப் போனேன்.

கந்தோரில் புரொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இது நம்ம மிஷின்ல அடிச்சதா?"

"ஆமா சேர். பேப்பர் என்னோடது. பிழை ஏதும் இருக்கா சேர்?"

"பிழை இல்ல. பிழை இல்ல. நல்ல தமிழ்தான்." அவர் ஒரு பைலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டார். "இனிமே அடிக்க வேணாம்."

ஏன் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குடைக்காரன் வளைவு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. என் காதருகே குனிந்து, "மிஸ், இருபத்தெட்டையும் ஆம்பளைங்களுக்குக் காட்டமாட்டீங்களா?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன சொல்கிறான் என்று முழுதாக விளங்கவில்லை, ஆனாலும் எரிந்தது. அன்று மத்தியானம் அட்டெண்டன்ட் அக்கா கந்தோர் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"தங்கச்சி, எம்பேர வெட்டிரு."

"ஏன்க்கா?"

"எங்க மாமி நோட்டீசப் பாத்துட்டாங்க. வூட்ல ஒரே சத்தம். அந்தச் சொல்ல ஏன் போட்ட நீ?"

"எந்தச் சொல்ல?"

"அதான், அந்தச் சொல்லு."

"எதுக்கா? தற்காப்பா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். எதையும் கூச்சமில்லாமல் சொல்கிற மனுஷிக்கே அன்றைக்கு வாய் வரவில்லை. எனக்கு அவர் மேல்தான் கடுமையான கோபம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வழிகாட்டியது அவர்தான். முதலில் அவர் பெயரை வெட்டினேன், வெள்ளிக்கிழமைக்குள் மற்ற ஆறு பெயரையும் வெட்டினேன். எல்லோரும் "அந்தச் சொல்லு" என்றார்கள். ஒருத்தியும் எந்தச் சொல் என்று சொல்லவில்லை. பிழையைக் காட்டாமலே பிழை பிழை என்றால் யார்தான் திருத்துவது?

சனிக்கிழமை மண்டபத்தில் ஆசிரியர் மட்டும் இருந்தார். படம் சுவரில் தொங்கியது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. தமிழ் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்டாராம். ரூல்தடியை எடுத்தார். அன்று ஒரு தயக்கமும் இல்லாமல் நேராகப் பத்தொன்பதாம் வட்டத்தின் மேல் வைத்தார்.

"நங்கி, நம்முடைய இருபத்தெட்டும் இந்த ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்களாமே?"

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக மாத்தளை டவுன் முழுவதும் என் பெயரோடு சேர்த்து என்ன படித்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருப்பது அகராதியிலும் இல்லை. அகராதி எழுதினவருக்கும் வெட்கம் போல. சொன்னால் அசிங்கம் என்று எல்லோரும் எனக்குச் சொல்லாமல் விட்டார்கள். சொல்லாமல் விட்டதால் அந்த அசிங்கம் நாற்பது சுவரில் ஒரு வாரம் நின்றது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செயலாளர் மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். பெண்கள் வகுப்போடு ஆண்கள் வகுப்பும் போயிற்று. ஆசிரியர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. படத்தைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டு கண்டிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கு இருபத்தெட்டு என்று பட்டப்பெயர் வந்தது. அது தோட்டம்வரை ஏறி அப்பாவின் காதுக்கும் எட்டியது. அவர் சத்தம் போடவில்லை. "இன்னொரு பேச்சு எங்காதுல விழட்டும், அன்னைக்கே ஒன் வேலைய நிறுத்திருவேன்" என்றார். ஆக, இனி பஸ்ஸில் எது நடந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போகும்.

நாலு மாதம் திறக்கவில்லை. குடைக்காரனுக்கு அது தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். "மன்னிக்கணும் மிஸ்" போய், "மன்னிக்கணும் இருபத்தெட்டு" என்று ஆனது.

ஒரு காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள், பஸ்ஸுக்குள் ஈரத்துணி நாற்றம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்தில் கட்டைக் குதி வைத்த செருப்புத்தான் பேஷன், நானும் அதைத்தான் போட்டிருந்தேன். பெரிய வளைவு வந்தது. "மன்னிக்கணும் இருபத்தெட்டு" என்றான். கையும் வந்தது, வழக்கமான இடத்துக்கு.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்பாவின் முகம் வந்திருக்கும். வலது காலைத் தூக்கி, குதியால், தொண்ணூறு இறாத்தலையும் சேர்த்து அவன் பாதத்தின் மேல் இறக்கினேன். இருபத்து நாலாம் வட்டம். இத்தனை நாள் அவனுக்கு உதவி செய்த வளைவு அன்றைக்கு என் பக்கம் சாய்ந்து கொடுத்தது.

"ஐயோ அம்மா! எங்காலு! எங்காலு போச்சே!"

பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். எழுந்து நின்று இடம் கொடுத்தார் ஒருவர், இன்னொருவர் குடையை வாங்கிக்கொண்டார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏன் மிஸ் அவரு கால மிதிச்சீங்க?"

"அவன் என்னையத் தொட்டான்."

"எங்க தொட்டாரு?"

அறுபது பேர் அமைதியாகிவிட்டார்கள். அப்படி ஒரு அமைதியை அந்தப் பஸ்ஸில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவேண்டும். அவனுக்கு நொந்த இடத்துக்குக் கால் என்று பெயர். குழந்தைகூடச் சொல்லலாம், கோயிலில் சொல்லலாம், அழுதுகொண்டே சொல்லலாம். எனக்கு நொந்த இடத்துக்கு இருக்கிற சொல் எல்லாம் ஒன்று வசவு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பேச்சு. எத்தனை மனு அடித்தவள் நான்! ஒரு சொல்லும் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"முப்பது."

"முப்பது சதமா? டிக்கட் காசா?" என்றார் கண்டக்டர். பஸ் முழுவதும் சிரித்தது. அவனும் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழக்கூடாது, அழக்கூடாது என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின் சீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கு இருபத்தொம்பது. போன புதங்கெழம. இதே ஆளுதான்."

அட்டெண்டன்ட் அக்கா எழுந்து நின்றார். நாலு மாதமாக நான் அவரோடு பேசவில்லை. ஒரே பஸ்ஸில் வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். அவர் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்து என் பக்கத்தில் நின்று, அவனைப் பார்த்து மறுபடி சொன்னார். "இருபத்தொம்பது." அந்தப் பஸ்ஸில் அது யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரித்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? நம்பரு சொல்லி வெளயாட்டா? எறங்குங்க, எறங்குங்க, பஸ் லேட்டாகுது." அவ்வளவுதான் நீதி. கால் நொந்தவனுக்கு உட்கார சீட்டு, எங்களுக்கு மழையில் ரோடு. பஸ் இருமிக்கொண்டு கீழே இறங்கிப் போயிற்று.

இதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சொன்னதைச் செய்தார். தைப்பொங்கல் கழியும்வரை என்னை வீட்டில் வைத்தார். பிறகு அக்கா நேரில் வந்து, போக வர நான் கூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் விட்டார். செய்தவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் காவல். அதற்குப் பிறகு அவன் எங்கள் பஸ்ஸில் பின் கதவுப் பக்கமே நின்றான், அது ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் அன்றைக்கு, டவுனுக்கு மூன்று மைல் இருந்தது. என்னிடம் குடை இல்லை. அக்காவிடம் ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தது, அதை இரண்டு பேர் தலைக்கும் பிடித்துக்கொண்டு நடந்தோம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

"எம்பேர வெட்டிட்டியா?" என்று கேட்டார்.

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க. வெட்டிட்டேன்."

"திரும்ப எழுது."

"எங்கக்கா எழுதுறது? வகுப்பே இல்லையே. படமும் போச்சு."

"இல்லாட்டி என்னா? பேரு இருக்கட்டும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி கேட்டார். "இருபத்து நாலு... அது விரலாலயா, குதியாலயா?"

"குதியால."

அவர் தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு நடுரோட்டில் நின்று, குனிந்து, சேறு படிந்திருந்த என் செருப்பின் கட்டைக் குதியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இத எந்தக் கடையில வாங்குன?"